யார் வைத்த கெடு? டைம்அவுட் ஆகிக்கொண்டே இருந்த ஒரு வெப் சர்வர் சர்வீஸ்

லினக்ஸில் ஒரு சர்வீஸ் டைம்அவுட் ஆகிறது என்றால், ஏதோ ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) வேறொன்றிடமிருந்து ஒரு பதிலை எதிர்பார்த்துக் காத்திருந்தது, தான் வைத்த கெடுவுக்குள் அது வரவில்லை என்று மட்டுமே பொருள். சர்வீஸ் மெதுவாக இருக்கிறது என்றோ பழுதாகிவிட்டது என்றோ அதிலிருந்து முடிவு செய்துவிட முடியாது. சாதாரண வெப் சர்வர் ஒன்றிலேயே இப்படிக் கெடு வைத்துக் காத்திருப்பவர்கள் பலர். சர்வீஸ்களைத் துவக்கிக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டி, ஒரு சர்வீஸ் எழுந்து நிற்பதற்கு இயல்பாகத் தரும் அவகாசம் 90 விநாடி. பின்னால் இருக்கும் ஆப்பின் பதிலுக்காக என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் 60 விநாடி காத்திருக்கும். பெயர்களுக்கு ஐபி முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர் ஒவ்வொன்றிடமும் கேட்டுவிட்டு, கணினியின் ரிசால்வர் 5 விநாடி பார்த்திருக்கும். ஆகவே டைம்அவுட் என்ற சொல்லைப் பார்த்ததும் நான் முதலில் தேடுவது விநாடிக் கணக்கை. பெரும்பாலும் அந்த எண்ணே கெடு வைத்தவர் யார் என்று சொல்லிவிடும்.

இந்தப் பழக்கம் எனக்கு வரக் காரணமாக இருந்தது, வேறொருவரிடமிருந்து என் பொறுப்புக்கு வந்த ஒரு சர்வர். அதில் என்ஜின்எக்ஸ் மூல நிரலிலிருந்து கம்பைல் செய்து நிறுவப்பட்டிருந்தது. பல காலம் கையால் துவக்கப்பட்டு வந்த அதற்கு, பின்னர் யாரோ ஒரு சிஸ்டம்டி யூனிட் கோப்பை (சர்வீஸை எப்படித் துவக்குவது என்று சொல்லும் கோப்பு) அமைத்திருந்தார்கள். புகார் வந்தது சர்வர் இயங்கவில்லை என்று அல்ல. பெரிய கோப்புகளைப் பதிவேற்றும்போது பாதியில் அறுந்துவிடுகிறது என்றுதான். சிறிய பக்கங்கள் எல்லாம் சரியாகத் திறந்தன. நிமிடத்துக்கு ஒருமுறை முகப்புப் பக்கத்தைத் தட்டிப் பார்க்கும் கண்காணிப்புக் கருவியும் எப்போதும் பச்சையாகவே இருந்தது. அதனால் எல்லோருடைய சந்தேகமும் நெட்வொர்க் மீதே விழுந்திருந்தது. பதிவேற்றம் தொடங்கிய நேரத்துக்கும் அறுந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருந்ததும் அந்தச் சந்தேகத்துக்கு வலுச் சேர்த்தது.

ஆனால் அறுந்த நேரங்களை மட்டும் தனியாக எடுத்து வரிசையாக எழுதிப் பார்த்தபோது வேறொரு ஒழுங்கு தெரிந்தது. அடுத்தடுத்த இரண்டு அறுதல்களுக்கு இடையிலான நேரம் எப்போதும் ஒன்றரை நிமிடமாகவோ அதன் மடங்குகளாகவோ இருந்தது. நெட்வொர்க் கோளாறு இப்படிக் கணக்குப் பார்த்து வராது. 90 விநாடிக்கு ஒருமுறை யாரோ சர்வரையே நிறுத்தித் துவக்குகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை.

அதை உறுதி செய்ய என்ஜின்எக்ஸின் எரர் லாக் நிலையை நோட்டிஸ் அளவுக்குத் தாழ்த்தினேன். இயல்பான நிலையில் அந்த லாக் பிழைகளை மட்டுமே எழுதும். சர்வர் நிறுத்தப்பட்டது அதற்குப் பிழையே அல்ல என்பதால் அதைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இருக்காது. (மாற்றிய கான்ஃபிக்கை ஏற்கவைக்க நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை, அடுத்த ஒன்றரை நிமிடத்துக்குள் அது தானாகவே ஏற்றுக்கொண்டது.) அடுத்த சுற்றில் லாக்கில் விழுந்த வரி, சிக்னல் 15 வந்திருக்கிறது, அனுப்பியது ப்ராசஸ் எண் 1, எனவே வெளியேறுகிறேன் என்றது. ப்ராசஸ் எண் 1 என்பது சிஸ்டம்டியே. நிறுத்தச் சொல்லும் சிக்னல் 15, அதாவது சிக்டெர்ம், வந்தால் என்ஜின்எக்ஸ் கையில் இருக்கும் இணைப்புகள் முடியும்வரை காத்திருக்காமல் உடனே வெளியேறும். நிதானமாக முடித்துக்கொண்டு போக அதற்கு சிக்குவிட் என்ற வேறு சிக்னல் வர வேண்டும். பதிவேற்றங்கள் நடுவில் அறுந்ததற்குக் காரணம் இவ்வளவுதான்.

வாழவைக்க வேண்டிய சிஸ்டம்டியே ஏன் கொல்கிறது? சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கட்டளையை இட்டுப் பார்த்தால், சர்வீஸின் நிலை ஆக்டிவ் என்று இல்லாமல் ஆக்டிவேட்டிங் என்று இருந்தது. அதற்குக் கீழே உள்ள ப்ராசஸ் மரத்திலோ மாஸ்டர் ப்ராசஸும் அதன் வொர்க்கர்களும் உயிரோடு வரிசையாக நின்றன. எஸ்எஸ் கட்டளையில் 80, 443 ஆகிய இரு போர்ட்களிலும் அவை காது கொடுத்துக்கொண்டிருந்தன. அதாவது சர்வர் முழுமையாக வேலை செய்துகொண்டிருக்கிறது. சிஸ்டம்டி மட்டும் அது இன்னும் எழவில்லை என்றே நம்பிக்கொண்டிருக்கிறது. சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில், சர்வீஸ் தன் ப்ராசஸ் எண்ணை எழுதி வைக்கும் பிஐடி கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற வரி இருந்தது; இன்னும் வரவில்லையோ என்று கேட்பதுபோல அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்விக்குறியையும் சிஸ்டம்டி அதில் போட்டிருந்தது. அதற்குச் சரியாக 90 விநாடி கழித்து, துவக்கம் கெடு தாண்டியது, நிறுத்துகிறேன் என்ற அடுத்த வரி. முதல் வரி வெறும் எச்சரிக்கைபோலத் தோன்றுவதால் பலரும் அதைத் தாண்டிப் போய், இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுகிறார்கள். விடை முதல் வரியில்தான் இருக்கிறது.

யூனிட் கோப்பில் டைப் என்பதற்கு ஃபோர்க்கிங் என்று எழுதப்பட்டிருந்தது. இந்த வகையில், துவக்கப்பட்ட ப்ராசஸ் ஒரு குழந்தை ப்ராசஸைப் பின்னணியில் விட்டுவிட்டுத் தான் வெளியேற வேண்டும். அது வெளியேறிய பிறகு, பிஐடி கோப்பின் பாதை யூனிட்டில் தரப்பட்டிருந்தால், அந்தக் கோப்பு அங்கே தோன்றுகிறதா என்று சிஸ்டம்டி பார்த்துக்கொண்டே இருக்கும். அதில் உள்ள எண்ணைப் படித்த பிறகுதான் சர்வீஸ் எழுந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளும். இங்கே யூனிட் கோப்பு, பேக்கேஜாக வரும் என்ஜின்எக்ஸின் யூனிட்டைப் பார்த்து எழுதப்பட்டது. ஆகவே ரன் டைரக்டரியில் அந்தக் கோப்பை எதிர்பார்த்தது. கம்பைல் செய்யப்பட்ட என்ஜின்எக்ஸோ, கான்ஃபிக்கில் வேறு பாதை சொல்லப்படாததால், தான் நிறுவப்பட்ட இடத்தில் உள்ள லாக்ஸ் டைரக்டரியில் அதை எழுதிக்கொண்டிருந்தது. ஒருவர் ஓரிடத்தில் வைக்க, மற்றவர் வேறோரிடத்தில் தேடிக்கொண்டிருந்தார். கையால் துவக்கிய காலத்தில் இது யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம், அப்போது பிஐடி கோப்புக்காகக் காத்திருக்க யாரும் இல்லை என்பதுதான்.

இன்னொரு கேள்விக்கு விடை வேண்டியிருந்தது. இத்தனை முறை தோற்ற சர்வீஸ் ஏன் ஃபெயில்ட் நிலைக்குப் போய் எல்லோருடைய கண்ணிலும் படவில்லை? யூனிட்டில் ரீஸ்டார்ட் என்பதற்கு ஆன்-ஃபெயிலியர் என்று இருந்தது; டைம்அவுட்டும் அதன் கணக்கில் ஒரு தோல்விதான் என்பதால் சிஸ்டம்டி மறுபடி துவக்கிவிடும். இடையில் அது விடும் இயல்பான இடைவெளி 100 மில்லி விநாடி. சர்வீஸ் முடிவில்லாமல் தோற்றுக்கொண்டே இருப்பதைத் தடுக்க ஒரு வரம்பு இருக்கிறது: 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் துவக்க முயன்றால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். ஆனால் இங்கே ஒவ்வொரு முயற்சியும் 90 விநாடி நீடிப்பதால் அந்த வரம்பு ஒருநாளும் எட்டப்படாது. சர்வீஸ் துவங்கிய உடனே செத்திருந்தால் அரை நிமிடத்துக்குள் விஷயம் வெளியே வந்திருக்கும். நிதானமாகச் செத்ததால் மறைந்தே இருந்தது. இடைவெளி ஒரு விநாடிகூட இல்லாதபோது, நிமிடத்துக்கு ஒருமுறை தட்டும் கண்காணிப்புக் கருவிக்கு அது அகப்படுவது அரிது.

இந்தக் கட்டத்தில் பலரும் முதலில் கைவைப்பது துவக்கக் கெடுவைச் சொல்லும் டைம்அவுட்-ஸ்டார்ட்-செக் என்ற வரியில். 90 போதவில்லை, 300 கொடுப்போம் என்பது இயல்பாகத் தோன்றும் எண்ணம். வராத கோப்புக்காக 300 விநாடி காத்தால் அது வந்துவிடாது. சர்வர் ஒன்றரை நிமிடத்துக்குப் பதிலாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சாகும். புகார்கள் குறையும், ஒழுங்கும் அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. கோளாறு அப்படியே இருக்கும். இன்ஃபினிட்டி என்று எழுதினால் வேறு விதமான தொல்லை: சர்வீஸ் நிரந்தரமாக ஆக்டிவேட்டிங் நிலையிலேயே நிற்கும், அதற்குப் பின் துவங்க வேண்டும் என்று ஆஃப்டர் வரியில் சொல்லப்பட்ட மற்ற சர்வீஸ்கள், கணினி பூட் ஆகும்போது துவங்காமலே வரிசையில் காத்துக் கிடக்கும். அப்படி நிற்பவற்றை சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-ஜாப்ஸ் காட்டிக்கொடுக்கும். சொல்லப்போனால், 90 என்ற எண்ணை யூனிட் கோப்பில் தேடினாலும் கிடைக்காது. அது எழுதப்படாத இயல்பு மதிப்பு. சிஸ்டம்சிடிஎல் ஷோ கட்டளையிலும் அது 90 என்று வராமல் 1 நிமிடம் 30 விநாடி என்றே வரும்.

தீர்வு என்னவோ ஒரே வரிதான்: என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கில் பிஐடி பாதையை யூனிட்டில் உள்ளதோடு ஒன்றாக்குவது. மாற்றாக, பின்னணிக்குப் போகாதே என்று பொருள்படும் டீமன் ஆஃப் வரியைக் கான்ஃபிக்கில் எழுதி, யூனிட்டில் டைப்பை சிம்பிள் (துவக்கிய ப்ராசஸே சர்வீஸ்) ஆக்கி, பிஐடி கோப்பின் தேவையையே இல்லாமல் செய்துவிடலாம். இரண்டாவது வழி பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் சர்வரை நிறுத்தாமல் என்ஜின்எக்ஸின் பதிப்பை மாற்றும் வசதியைப் பயன்படுத்துபவர்கள் முதல் வழியிலேயே இருப்பது நல்லது; அந்த மாற்றத்தில் பழைய மாஸ்டர் போய்ப் புதிய மாஸ்டர் வரும், பிஐடி கோப்பு இல்லாத சிஸ்டம்டிக்கு அந்தக் கைமாற்றம் புரியாது. நான் முதல் வழியையே எடுத்தேன். எதை எடுத்தாலும் பாதி மட்டும் மாற்றிவிடக் கூடாது. டீமன் ஆஃப் என்று எழுதிவிட்டு டைப்பை ஃபோர்க்கிங் என்றே விட்டால், வெளியேற வேண்டிய ப்ராசஸ் வெளியேறாமல் நிற்கும். வெளித்தோற்றத்தில் இதே 90 விநாடிக் கோளாறு அச்சு அசலாக வரும். வேறுபாடு ஜர்னலில் தெரியும்: அங்கே பிஐடி கோப்பைப் பற்றிய வரி இருக்காது, கெடு முடியும்வரை ஒரே மௌனம்தான்.

யூனிட்டை மாற்றும்போது சிஸ்டம்சிடிஎல் எடிட் மூலம் மேலடுக்குக் கோப்பு ஒன்றை உருவாக்கி அதில் மாற்றுவதே என் வழக்கம். பேக்கேஜ் தரும் கோப்பில் நேராகத் திருத்தினால் அடுத்த அப்டேட்டில் அது அழிந்துபோகும். கோப்பை நேரில் திருத்தியவர்கள் டீமன்-ரீலோட் செய்து சிஸ்டம்டியை அதை மறுபடி படிக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் பழைய யூனிட்டையே சோதித்துக்கொண்டு, மாற்றம் பலன் தரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். எல்லாம் சேர்ந்து நடப்பில் என்ன இருக்கிறது என்பதை சிஸ்டம்சிடிஎல் கேட் காட்டும். திருத்தம் வேலை செய்கிறது என்று நிம்மதி அடைவதற்கு முன் ஒருமுறை கணினியையே ரீபூட் செய்து பார்க்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ரன் டைரக்டரி நினைவகத்தில் வாழ்வது. பூட் ஆகும்போது வெறுமையாகத்தான் தொடங்கும். பிஐடி கோப்பை அதற்குள் ஓர் உள்டைரக்டரியில் வைக்கும் சர்வீஸ், அந்த உள்டைரக்டரியைக் கையால் உருவாக்கியிருந்தால், அடுத்த ரீபூட்டில் தோற்கும். யூனிட்டில் ரன்டைம்-டைரக்டரி என்ற வரியைச் சேர்த்தால் ஒவ்வொரு துவக்கத்திலும் சிஸ்டம்டியே அதைச் சரியான பயனரின் பெயரில் உருவாக்கித் தந்துவிடும்.

அதே சர்வரில், பின்னணியில் வேலைகளை முடிக்கும் பைத்தான் வொர்க்கர் ஒன்றும் 90 விநாடியில் செத்துக்கொண்டிருந்தது. எண் ஒன்றுதான் என்பதால் காத்திருந்தது சிஸ்டம்டியே என்பது தெரிந்துவிட்டது. எதற்காக என்பதுதான் இங்கே வேறு. அதன் டைப் நோட்டிஃபை. இந்த வகையில் பிஐடி கோப்பு கிடையாது; சர்வீஸே நான் தயார் என்று ரெடி=1 என்ற செய்தியை ஒரு சாக்கெட் வழியாக அனுப்ப வேண்டும். வொர்க்கர் அதை ஒழுங்காக அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதை நேரடியாகத் துவக்காமல், சில சூழல் மாறிகளை அமைப்பதற்காக ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் வழியாகத் துவக்கியிருந்தார்கள். சிஸ்டம்டியைப் பொறுத்தவரை முதன்மை ப்ராசஸ் அந்த ஷெல். பைத்தான் அதன் குழந்தை. முதன்மை ப்ராசஸ் அனுப்பும் செய்தியை மட்டுமே ஏற்பது இயல்பு விதி என்பதால், குழந்தை அனுப்பிய தயார்ச் செய்தி நிராகரிக்கப்பட்டது. ஜர்னலில் இரு ப்ராசஸ் எண்களையும் குறிப்பிட்டு, இன்ன எண்ணிடமிருந்து செய்தி வந்தது, ஆனால் இன்ன எண்ணுக்கு மட்டுமே அனுமதி என்று தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது.

நோட்டிஃபை-ஆக்சஸ் வரியில் ஆல் என்று எழுதினால் பிரச்சினை தீரும்; ஆனால் ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியில் பைத்தான் கட்டளைக்கு முன் எக்ஸெக் என்ற சொல்லைச் சேர்ப்பதே மேல் என்பது என் கருத்து. அப்போது ஷெல் தன் இடத்தையும் தன் எண்ணையும் பைத்தானுக்கே கொடுத்துவிட்டு மறைந்துவிடும். முதன்மை ப்ராசஸ் என்று சிஸ்டம்டி எதை நினைக்கிறதோ அதுவே உண்மையிலும் முதன்மை ப்ராசஸாக இருக்கும். சூழல் மாறிகளுக்காக மட்டும் ஸ்கிரிப்ட் என்றால், யூனிட்டிலேயே என்விரான்மென்ட்-ஃபைல் வரி இருக்கும்போது அந்த ஸ்கிரிப்ட்டே தேவையில்லை.

இதுவரை சொன்ன இரண்டிலும் சர்வீஸ் நலமாகவே இருந்தது, சேதி போய்ச் சேரவில்லை. உண்மையிலேயே துவக்கம் நீளும் சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றில் நான் அதிகம் கண்டது டிஎன்எஸ். கோரிக்கைகளைப் பின்புலச் சர்வர்களுக்குக் கைமாற்றும் ப்ராக்ஸியாக வேலை செய்யும் என்ஜின்எக்ஸ், கான்ஃபிக்கில் பின்புலச் சர்வர்களின் பெயர்கள் நேராக எழுதப்பட்டிருந்தால், துவங்கும்போதே அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஐபி முகவரிகளாக மாற்றிக்கொள்ளும். கணினியின் ரிசால்வர் பட்டியலில் முதலில் இருக்கும் டிஎன்எஸ் சர்வர் செத்துப்போய், இரண்டாவது உயிரோடு இருந்தால், பிழை எதுவும் வராது. ஒவ்வொரு பெயருக்கும் 5 விநாடி வீணாவது மட்டும் நடக்கும். 20 பெயர்கள் இருந்தால் 100 விநாடி, 90 தாண்டிவிட்டது. ஒரு ப்ராசஸ் கர்னலிடம் கேட்பவற்றைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கட்டளையால் அந்த ப்ராசஸைத் தொட்டுப் பார்த்தால் காட்சி தெளிவாக இருக்கும்: டிஎன்எஸ்ஸுக்கான போர்ட் 53-க்கு ஒரு செய்தி போகும், 5000 மில்லி விநாடி கெடுவுடன் பதிலுக்குக் காத்திருக்கும் ‘போல்’ என்ற அழைப்பு ஒன்று நிற்கும், பிறகு வேறு முகவரிக்கு அதே செய்தி போய், உடனே பதில் வரும். பல யூனிட்களில் துவக்கத்துக்கு முன் கான்ஃபிக்கைச் சோதிக்கும் ஒரு வரியும் இருப்பதால் இந்தக் காத்திருப்பு முழுவதும் இருமுறை நடக்கும். இங்கேயும் திருத்த வேண்டியது கெடுவை அல்ல. செத்த டிஎன்எஸ் சர்வரைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். பூட் ஆகும்போது மட்டும் இது நடக்கிறது என்றால், நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டை வான்ட்ஸ், ஆஃப்டர் இரண்டு வரிகளிலும் சேர்க்க வேண்டும். வெறும் நெட்வொர்க் டார்கெட் இணைப்பு கிடைத்துவிட்டதற்கு உறுதி தருவதில்லை.

எஸ்ட்ரேஸில் எதுவுமே நகராமல் நின்றால் ப்ராசஸின் நிலை எழுத்தைப் பார்க்க வேண்டும். பிஎஸ் கட்டளையில் அது டி என்று இருந்தால் கர்னலுக்குள் வட்டுக்காகவோ, அறுந்துபோன என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்பு) பகிர்வுக்காகவோ காத்திருக்கிறது. அப்படியிருக்கும்போது கட்டாயமாகக் கொல்லும் சிக்கில் சிக்னல்கூட அதைக் கொல்லாமல் போகலாம். டிஎல்எஸ் (இணைய மறைகுறியாக்க) சாவிக்குக் கடவுச்சொல் போட்டு வைத்திருந்தால், அதைக் கேட்டுவிட்டு யாரும் பதில் சொல்லாத இடத்தில் சர்வர் காத்து நிற்கும்; இதுவும் கையால் துவக்கினால் சரியாகவும் சிஸ்டம்டி வழியாகத் தவறாகவும் போகும் வகை. எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு இயங்கும் கணினிகளில் இந்த வேறுபாட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு: கையால் துவக்கும்போது கட்டுப்பாடு இல்லாத சூழலில் ஓடும் சர்வர், சிஸ்டம்டி துவக்கும்போது தனக்குரிய குறுகிய அனுமதிகளோடு ஓடும். ஆடிட் லாக்கை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பெரிய தரவை நினைவகத்தில் ஏற்றிய பிறகே தயாராகும் சர்வீஸுக்கு 90 விநாடி போதாமல் போவது நியாயம்தான். அப்போது எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, அதற்கு மேல் சற்று இடம் விட்டு டைம்அவுட்-ஸ்டார்ட்-செக்கை உயர்த்தலாம். கெடுவை உயர்த்த நான் ஒப்புக்கொள்வது இந்த ஒரு நிலையில் மட்டுமே. அதுவும் சர்வீஸ் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று லாக்கில் பெயர் சொல்லிக் காட்ட முடிந்தால்தான்.

கண்காணிப்பிலும் இரண்டு மாற்றங்கள் செய்தேன். முகப்புப் பக்கம் திறக்கிறதா என்பதோடு, சர்வீஸின் நிலை ஆக்டிவ்தானா என்றும் கேட்கவைத்தேன். ஆக்டிவேட்டிங் நிலை இரண்டு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து தெரிந்தால் எச்சரிக்கை. சிஸ்டம்சிடிஎல் ஷோ தரும் என்-ரீஸ்டார்ட்ஸ் என்ற எண்ணிக்கையையும் சேகரிக்கவைத்தேன். தானாக நிகழ்ந்த மறுதுவக்கங்களைச் சிஸ்டம்டியே எண்ணி வைத்திருப்பது அது. பக்கம் பச்சையாக இருக்க, அந்த எண் மட்டும் ஏறிக்கொண்டே போனால், மேலே சொன்ன கதைகளில் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது.

துவங்குவதற்கு உள்ளதுபோலவே நிறுத்துவதற்கும் பொதுவாக 90 விநாடிக் கெடு உண்டு என்பதால், அந்த வொர்க்கர் சார்ந்து ஒன்று மிச்சம் இருந்தது. ரீஸ்டார்ட் செய்யும்போது, கையில் எடுத்த வேலையை முடித்துவிட்டு வெளியேற அது முயலும். வேலை 90 விநாடியைத் தாண்டினால் சிஸ்டம்டி சிக்கில் அனுப்பிப் பாதியில் வெட்டிவிடும், அந்த வேலை வரிசையில் பாதி முடிந்த நிலையில் கிடக்கும். இங்கே டைம்அவுட்-ஸ்டாப்-செக் மதிப்பை, அதன் மிக நீண்ட வேலைக்கு ஆகும் நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வைத்தேன். இன்ஃபினிட்டி என்று வைக்கவில்லை. வைத்தால் சிக்கிக்கொண்ட ஒரே வேலை, கணினியை ரீபூட் ஆகவிடாமல் பிடித்து நிறுத்திவிடும்.